லால்பாக் மரங்களுக்கு நடுவே ஜியோகேச்சிங்: டப்பா தேடுவது முதல் நாமே தடம் போடுவது வரை

பெங்களூரில் ஒரு பழைய பூங்கா. மரத்தடியில் குனிந்து வேர் இடுக்கில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு விசில். திரும்பினால் காவலாளி. "ஏனு ஹுடுக்தா இத்தீரா சார்?" என்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். எனக்கு வாய் வரவில்லை. ஜியோகேச்சிங் என்றால் புரியாது, டப்பா என்றால் சந்தேகப்படுவார். "பேனா விழுந்துவிட்டது" என்று உளறினேன். மனிதர் ரொம்ப நல்லவர். கையிலிருந்த தடியால் சருகைத் தள்ளித் தள்ளி அவரும் என் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டார். இல்லாத பேனாவை இருவருமாகப் பத்து நிமிடம் தேடினோம். இருக்கிற டப்பாவைத் தேட அன்றைக்கு வழியே இல்லாமல் போயிற்று.

அதனால் இந்த விளையாட்டுக்குக் கிளம்பும் முன் அந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் போன் திரையைக் காட்டி "ஜிபிஎஸ் ஆட்டா, ட்ரெஷர் ஹண்ட்" என்று சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் ஆட்டா என்றால் விளையாட்டு. பெரும்பாலும் ஒரு சிரிப்போடு போய்விடுகிறார்கள்.

விளையாட்டு எளிமையானது. யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனை வைத்துக்கொண்டு தேடிப் போவார்கள். உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதிவிட்டு, டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். டப்பாவுக்குக் கேஷ் என்று பெயர். தமிழில் எழுதினால் பணமும் இதுவும் ஒன்றாகவே தெரியும். "கேஷ் தேடப் போறேன்" என்று வீட்டில் சொன்னபோது, ஏடிஎம் தெருமுனையிலேயே இருக்கிறதே என்றார் அம்மா.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே 2 அன்று அதை நிறுத்தினார்கள். அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்து வைத்து, எண்களை இணையத்தில் போட்டார். உள்ளே புத்தகம், கவண், ஒரு பீன்ஸ் டப்பா எல்லாம் இருந்தன. இன்றைய விதிப்படி மண்ணைத் தோண்டக் கூடாது, உணவுப் பொருள் வைக்கக் கூடாது. அந்த முதல் கேஷை இன்று அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்!

1. கிளம்பும் முன்

ஜியோகேச்சிங் நிறுவனத்தின் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் சி:ஜியோ என்ற இலவசச் செயலியும் உண்டு. இலவசக் கணக்கு தொடங்க ஒரு புனைபெயர் போதும். அந்தப் பெயரைத்தான் தாள்களில் எழுதப் போகிறீர்கள் என்பதால் சின்னதாக வையுங்கள். சுண்டுவிரல் அகலத் தாளில் என் பதினான்கு எழுத்துப் பெயரை எழுதி எழுதி நான் படும் பாடு உங்களுக்கு வேண்டாம்.

பையில் பென்சில், புருவம் திருத்தும் சாமணம், சின்ன டார்ச், பவர் பேங்க், தண்ணீர். பென்சில் ஏன் என்றால் ஈரத் தாளில் பேனா எழுதாது. மாத்திரைக் குப்பி அளவு டப்பாவுக்குள் சுருட்டி வைத்த தாளை விரலால் எடுக்க முடியாது, அங்கே சாமணம் இல்லாமல் ஆகாது. வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

பெங்களூரின் தாவரவியல் பூங்காவான லால்பாக் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். மெட்ரோ பசுமைத் தடத்தில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாசல் பக்கம். நடைப்பயிற்சிக்காரர்கள் வீடு திரும்பிய பிறகு, வார நாளில் பத்து மணி வாக்கில் போவதே நல்லது. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும்போது அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் காற்றோடு மழை அடிக்கும், அப்போது பெரிய மரத்தடியில் நிற்பது ஆபத்து.

2. பக்கத்தைப் படிப்பது

வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால் அந்தக் கேஷின் பக்கம் திறக்கும். டப்பாவின் அளவு, தேடும் கடினம், நிலப்பரப்பின் கடினம் மூன்றும் இருக்கும். கடினங்கள் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். நிலப்பரப்பு 1 என்றால் சக்கர நாற்காலியில் போய் எடுக்கலாம். 5 என்றால் கயிறோ படகோ மாதிரி தனிக் கருவி வேண்டும். முதல் முறை போகிறவர்கள் இரண்டும் 2க்குள் இருப்பதாகவும், டப்பா ரொம்பப் பொடியாக இல்லாததாகவும் பார்த்து எடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், முன்பு போனவர்கள் எழுதியிருக்கும் பதிவுகள். கடைசி மூன்று பேரும் "கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தால் டப்பா காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். துப்பு ஒன்றும் இருக்கும். அவசரப்பட்டுக் கண்ணில் படாமல் இருக்க ஆங்கில எழுத்துகளை 13 இடம் தள்ளி எழுதியிருப்பார்கள். செயலியே மாற்றிக் காட்டிவிடும். அதை வீட்டிலேயே பார்க்க வேண்டாம், தோற்கும் கட்டத்தில் பாருங்கள்.

3. எண்களில் சறுக்குவது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கூகுள் மேப்ஸ் லால்பாகின் நடுப்பகுதியை 12.9507, 77.5848 என்று காட்டும். அதே இடம் ஜியோகேச்சிங்கில் வடக்கு 12° 57.042', கிழக்கு 77° 35.088' என்று வரும். இரண்டும் சரி. முதலாவது வெறும் பாகை. இரண்டாவதில் தசமத்துக்குப் பிந்தையதை 60ஆல் பெருக்கி நிமிடமாக்கியிருக்கிறார்கள். 0.9507 × 60 = 57.042.

இது தெரியாமல் இரண்டாவதை அப்படியே 12.57042 என்றும் 77.35088 என்றும் அடித்தால் செயலி முறைக்காது, மறுக்காது. நேராகக் கனகபுரா பக்கம் கிராமப்புறத்துக்கு வழி காட்டும். பூங்காவிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்.

நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் தரையில் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரம். எண்கள் அவ்வளவு துல்லியம். ஆனால் போன் அவ்வளவு துல்லியம் கிடையாது.

4. கடைசிப் பத்து மீட்டர்

திறந்த வெளியில் நல்ல போன் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். பழைய மரங்களின் கீழ் கதை வேறு. சுமார் 20,000 கிலோமீட்டர் மேலேயிருந்து மெலிந்து வரும் சிக்னலை இலைக் கூரை பாதி விழுங்கிவிடும். மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் விழுங்கும். மிச்சம் அடிமரத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் பட்டுத் திரும்பி, கோணல் வழியாகப் போனுக்கு வரும். அம்புக்குறி சாமி வந்ததுபோல் ஆடும். எட்டு மீட்டர் என்கும். இரண்டடி வைத்தால் பதினைந்து என்கும். புதியவர்கள் அந்த அம்பைத் துரத்திக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், அரச மரத்தைச் சுற்றுகிறவர்களைப் போல.

அதற்கு ஒரு வழி உண்டு. மரக் கூட்டத்தை விட்டு இருபது முப்பது மீட்டர் விலகி, வானம் தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். போனைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றி அதன் திசைகாட்டியைச் சரிசெய்யுங்கள். அம்பு காட்டும் திசையில் நேராகத் தெரியும் ஒரு பொருளை, உதாரணமாக விளக்குக் கம்பத்தையோ வெட்டிய கிளைத் தழும்பையோ, மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கால்வட்டம் சுற்றிப் போய்ப் பக்கவாட்டிலிருந்து இன்னொரு முறை. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே உங்கள் இடம். அங்கே போனதும் போனைச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். இனி அதனால் உதவி கிடையாது, மரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒளித்தவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவருக்கும் நடைபாதையில் போகிறவர் கண்ணில் படக் கூடாது. அவருக்கும் ஏணி கிடையாது. ஆகவே பாதைக்கு முதுகு காட்டும் பக்கம், கைக்கு எட்டும் உயரம். ஆலமரமாக இருந்தால் விழுதும் தாய்மரமும் ஒட்டிய சந்து. பெஞ்ச் இருந்தால் அதன் அடிப்பலகை, பெயர்ப் பலகை இருந்தால் அதன் முதுகு. தரையில் இயற்கைக்குப் பொருந்தாத ஒழுங்கைத் தேடுங்கள். மரத்திலிருந்து விழுந்த சுள்ளிகள் கன்னாபின்னாவென்றுதான் கிடக்கும். ஏழெட்டுச் சுள்ளி ஒரே நீளத்தில் வரிசையாகப் படுத்திருந்தால் அதற்குக் கீழே ஏதோ இருக்கிறது. நான் முதன்முதலில் கண்டெடுத்தது அப்படித்தான். மூன்று கல் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுக்கல்லில் மட்டும் பாசி தலைகீழாக இருந்தது. தூக்கினால் பழைய பிலிம் டப்பா.

மரத்துக்கு எதுவும் ஆகக் கூடாது என்பதும் விளையாட்டின் விதிதான். டப்பாவுக்காக மரத்தில் ஆணி அடிப்பது தடை. அதனால் பட்டையை உரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வராது, மண்ணைக் கிளறவும் வேண்டாம். லால்பாகில் முதிய மரங்களைச் சுற்றி வேலி போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. உணவையும் நீரையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். ஆயிரம் கால்கள் மிதித்து மண் இறுகினால் காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது. எண்கள் வேலிக்கு உள்ளே காட்டினால் பிழை உங்கள் போனில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு வெளியே தேடுங்கள்.

பொந்தில் கைவிடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். உயரக் கிளைகளில் மலைத்தேனீக் கூடுகள் அடை அடையாகத் தொங்கும். அவற்றின் கீழே சத்தம் போடாதீர்கள். சென்ட் பூசிக்கொண்டு போக வேண்டாம்.

5. பக்கத்தில் ஆள் இருந்தால்

இந்த விளையாட்டுத் தெரியாதவர்களை மகிள் என்று அழைப்பது வழக்கம். அவர்கள் கண்முன்னால் டப்பாவை எடுத்தால், அடுத்த நாள் அது குப்பைத் தொட்டியில் இருக்கும். நம் பூங்காக்களில் பெரிய சோதனை காதலர்கள். நிழல் நல்ல இடம், பாதையிலிருந்து தெரியாத இடம் என்று ஒளிப்பவர் தேடுவதையேதான் அவர்களும் தேடுகிறார்கள். ஒரு முறை நாற்பது நிமிடம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். கடைசியில் அந்தப் பையன் என்னை முறைத்ததைப் பார்த்து நானே எழுந்து வந்துவிட்டேன். ஒற்றை ஆணாகப் போய்ப் புதர் ஓரம் சுற்றுவதைவிட, குடும்பமாகவோ குழந்தைகளோடோ போனால் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்ப்பதில்லை.

6. கிடைத்தால், கிடைக்காவிட்டால்

கிடைத்தால் தாளில் தேதியும் புனைபெயரும். பெரிய டப்பாவில் சின்னப் பொம்மைகள் இருக்கலாம். ஒன்றை எடுத்தால் அதே மதிப்பிலோ கூடுதலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். எண் பொறித்த உலோகத் தகடு கோத்த பொருள் இருந்தால் அது ஊர் ஊராகப் பயணம் போவது. வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, இன்னொரு கேஷில் இறக்கிவிட வேண்டும். மூடியை இறுக்கி, எடுத்த இடத்தில் எடுத்தபடியே வையுங்கள். இன்னும் நல்ல இடம் உங்களுக்குத் தோன்றினாலும் மாற்றாதீர்கள்.

கிடைக்காவிட்டாலும் பதிவு போடுங்கள். வெட்கப்பட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். டப்பா தொலைந்ததே உரிமையாளருக்குத் தெரியாமல், வருகிறவர்கள் எல்லாம் இலவு காத்த கிளியாகத் திரும்புவதற்கு அதுதான் காரணம்.

7. லால்பாகில் நாமே ஒரு தடம்

பத்துப் பதினைந்து கண்டெடுத்ததும் நாமும் ஒன்று ஒளிக்கலாமே என்று கை அரிக்கும். ஜியோகேச்சிங் இணையதளத்தில் சேர்க்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், மற்ற டப்பாக்களிலிருந்து 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், அடிக்கடி போய்ப் பராமரிக்க வேண்டும். தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகே வெளியாகும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், லால்பாகில் டப்பாவே வேண்டாம். அது தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கும் இடம். 1975ஆம் ஆண்டின் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தவிர, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பை ரயில் நிலையங்களில் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வேர் இடுக்கில் இறுக மூடிய ஒரு டப்பாவை யாராவது கண்டால் போலீசுக்குத்தான் போன் போகும்.

டப்பா இல்லாமல் இரண்டு வழி. ஒன்று எர்த்கேஷ். 2004இல் தொடங்கிய இந்த வகையில் நிலத்தின் வரலாறே புதையல். நேரில் போய்ப் பார்த்து, கேட்ட கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் லால்பாக் பாறை இதற்கென்றே செய்தது போலிருக்கும். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான தீபகற்ப நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பட்டைப் பாறை) அது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். வெள்ளைப் பட்டையும் கறுப்புப் பட்டையும் மாறி மாறி ஓடுவதைக் குனிந்து பார்க்கலாம். வெள்ளை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கறுப்பில் பயோட்டைட் மைக்கா.

இன்னொன்று தளத்தில் எதையும் பதியாமல் வீட்டுப் பிள்ளைகளுக்காக மட்டும் போடும் தடம். திண்டிவனத்திலிருந்து விடுமுறைக்கு வந்த அக்காவுக்கும் அவள் பையனுக்கும் நான் போட்டதைச் சொல்கிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் மட்டும் போய் நான்கைந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் போனை அசையாமல் ஐந்து நிமிடம் வைத்து எண்களைக் குறியுங்கள். வேறொரு நாள் வேறு திசையிலிருந்து வந்து மறுபடி குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். மரத்தடியில் ஒரே முறை எடுத்த எண்ணை நம்பவே கூடாது.

பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி. இதில்தான் நான் கோட்டை விட்டேன். முதல் இடம் லால்பாகின் புகழ்பெற்ற இலவ மரம். 200 வயது என்பார்கள். ஆள் உயரத்துக்குச் சுவர்போல் எழும்பி நிற்கும் பலகை வேர்கள். வேலிக்கு வெளியே நின்று கண்ணில் படும் வேர்களை எண்ணு என்று கேட்டிருந்தேன். நான் வைத்த விடை ஒன்பது. பையன் ஏழு என்றான். "மாமா, இது ரெண்டும் மேல ஒண்ணாத்தானே சேருது, அப்ப ஒண்ணுதானே?" நியாயம்தானே. வேர் எங்கே பிரிகிறது என்று மரத்துக்கே தெரியாது. எண்ணச் சொல்வதானால் படிக்கட்டு, கம்பம், பலகையில் பொறித்த ஆண்டு மாதிரி தகராறு இல்லாததாகக் கேளுங்கள். அதிலும் சிலவாவது கூகுளில் கிடைக்காததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் மெட்ரோவிலேயே விடையை முடித்துவிடுவார்கள்.

விடைகளைக் கடைசி இடத்தின் எண்ணோடு இப்படிப் பொருத்தலாம். கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டிய ஆண்டு 1889. அதன் கடைசி இலக்கம் அ, அதாவது 9. பூங்காவில் இருக்கும் கல்மரத்தின் வயது எத்தனை கோடி ஆண்டு என்பது ஆ, அதாவது 2. கடைசி இடத்தின் வடக்கு எண்ணில் நிமிடம் 57.042 என்று வைத்துக்கொள்வோம். தாளில் "57 புள்ளி, 0, அ கழித்தல் 5, ஆ" என்று எழுதிக் கொடுங்கள். கிழக்கு எண்ணுக்கும் இதேபோல். கழித்தல் கூட்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெயிலில் பெருக்கல் போடச் சொன்னால் சண்டை வரும்.

அந்தக் கல்மரம் பூங்காவில் எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை, அது உங்கள் முதல் தேடலாக இருக்கட்டும். மண்ணுக்கடியில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, கட்டை இருந்த இடத்தை அணு அணுவாகக் கல் பிடித்துக்கொண்டது. வளையமும் நார் ஓட்டமும் அப்படியே இருக்கும். எங்கள் தாளில் இதற்கு இரண்டாவது கேள்வியும் இருந்தது: இந்த மரம் எந்த ஊரிலிருந்து வந்தது?

பலகையை அக்காதான் படித்தாள். படித்துவிட்டு இரண்டாவது முறையும் படித்தாள்.

"டேய், திருவக்கரைடா! வக்கிரகாளி கோயிலுக்குப் பௌர்ணமிக்குப் போவோமே, அந்தத் திருவக்கரை."

ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத இடம். எத்தனையோ தடவை கோயிலுக்குப் போயும் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் அவள் கால் வைத்ததில்லை. போனை எடுத்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். ஆ என்பது எத்தனை என்று பையன் மூன்று முறை கேட்டான். அவள் காதில் விழவில்லை.